நாத்தனார் பார்த்தது

ஜனவரி 20, திங்கள்

சைத்ரா வெட்டிக் கொடுத்த கல்யாண வீடியோவைப் பார்த்து முதலாளி பாலகோபால் சார் இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்.எஸ்.புரம் மாடியில் இந்த ஸ்டுடியோ ஆரம்பித்த நாளிலிருந்து நான் இங்கே எடிட்டர். என் வீடியோவைப் பார்க்கும்போது அவர் கொட்டாவி விட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? மேடையில் டிஜே, ஆட்டம், கலர் லைட். சட்டென்று சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு, காலியான பந்தியில் பெண்ணின் அப்பா தனியாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுகிற ஷாட். மறுபடி ஆட்டம். அவ்வளவுதான். "ஆட்டத்த மட்டும் காட்டுனா வெறும் ஆட்டந்தானுங்க சார். பக்கத்துல அவர வெச்சாத்தான் பொண்ணு போறது தெரியும்" என்றாள். இருபத்துநாலு வயசு. போத்தனூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிகிறது.

ஜனவரி 23

சைத்ரா கொண்டுவந்த தக்காளித் தொக்கு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நான் தொடவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

யூடியூபில் சினிமா வகுப்புகளாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் சொல்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு. இரைச்சலுக்குப் பக்கத்தில் மௌனம். ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். தனித்தனியாக இரண்டிலும் இல்லாத அர்த்தம், எதிரெதிராக வைத்தால் வந்துவிடுமாம். இரண்டுக்கும் நடுவே முடிச்சைப் படம் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்களாம். இதைப் படிக்கத்தான் சைத்ரா சென்னைக்குப் போய் சினிமா கோர்ஸில் சேர்ந்தாளா? நான் அடுப்படியில் நின்றே படித்துவிட்டேன். ஒரு தோசை கருகியது. வீட்டுக்காரர் கருகலைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

வெள்ளகோவில் எண்ணெய் மில்காரர் வீட்டுக் கல்யாணம் எங்களுக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் தனபால். இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர்.

"கோகிலா, இத நீங்க பண்ணுங்க. இதப் பாத்துப்போட்டு சீஃப் எடிட்டர் யாருன்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார் சார். முடிவு பண்ணுவதா? அப்படியென்றால் இத்தனை காலம் நான் இங்கே யார்?

"அக்காவே இருக்கட்டுங்க சார்" என்றாள் சைத்ரா. விட்டுக்கொடுக்கிறாளாம். எனக்கு.

பிப்ரவரி 11, செவ்வாய்

வெள்ளகோவில் கல்யாணம் நேற்று முடிந்தது. சைத்ரா வீட்டுக் கல்யாணங்களில் இணைச்சீர் கிடையாது. தாலி கட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளையும் கல்யாணப் பெண் மாதிரியே அலங்கரித்து, அவன் பக்கத்தில் நிறுத்திச் சீர் செய்வார்கள் என்று நான்தான் விளக்கினேன். எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்கிறதே என்று கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அப்ப ஒரே மேடைல ரெண்டு பொண்ணுங்களாக்கா? ஒருத்தி இந்த ஊட்ட விட்டுப் போனவ, ஒருத்தி உள்ள வாரவ" என்றாள்.

சே. அதையும் இவள் வாய்தான் சொல்ல வேண்டுமா? சொல்லிவிட்டுப் போகட்டும். எடிட் செய்யப்போவது நான்.

பிப்ரவரி 24, திங்கள்

மணப்பெண்ணுக்கு ஆரம் பூட்டுகிறார்கள். அவள் முகம் கொள்ளாத சிரிப்பு. அதற்கு எதிரே வைக்க ரித்திகாவின் முகம் வேண்டும். தனபாலின் அக்கா, இணைச்சீர் நடந்தது அவளுக்குத்தான். ஆனால் எந்த ஷாட்டை எடுத்தாலும் அவளும் சிரிக்கிறாள். சிரிப்புக்குப் பக்கத்தில் சிரிப்பை வைத்து நான் என்ன செய்ய?

சாயங்காலம் கிடைத்தது. இரண்டாவது கேமராவில் ஆஸிம் பந்தல் ஓரமாக எடுத்தது. ரித்திகா முழு அலங்காரத்தோடு நின்று, கண்ணைச் சுருக்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு எதையோ பார்க்கிறாள். உடனே, "ஏய், அடுப்புக்கிட்டப் போகாத" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். அவளுடைய சின்ன மகள் சமையல் பக்கம் போயிருக்கிறாள். ஓட்டத்தை நறுக்கினேன். சத்தத்தை எடுத்தேன். ஆரம், சிரிப்பு, மௌனம், ரித்திகாவின் கண்.

எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிறந்த வீட்டை விட்டுப் போனவளின் துக்கம் அந்த முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதைச் சைத்ரா செய்யவில்லை, நான் செய்தேன்.

பிப்ரவரி 27

சார் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "இதுதானுங்க கோகிலா சினிமா." என் பெயருக்குக் கீழே சீஃப் எடிட்டர் என்று போர்டு அடிக்கச் சொல்லிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு சைத்ரா மெதுவாக வந்தாள். "அக்கா, அந்த ஷாட்ல அவங்க பாப்பாவத்தானுங்களே பாத்தாங்க? மெமரி கார்டு காப்பி பண்றப்பப் பாத்தேனுங்க."

"ஏன் அம்மணி, பொறாமையா இருக்குதா?" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளகோவிலில் விருந்து. பெரிய திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். அந்த இடம் வந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். யாராவது கண்ணைத் துடைப்பார்கள் என்று.

சிரித்தார்கள். "நாத்தனா கண்ணப் பாருங்க, ஆரத்தையே முழுங்கிப்போடுவா போல" என்றார் ஒரு பெரியம்மா. கூட்டம் ஓவென்று சிரித்தது. மறுபடி போடச் சொன்னார்கள். ரித்திகாவும் முதலில் கூடச் சிரித்தாள். இரண்டாவது தடவை போட்டபோது மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

நான் துக்கம் என்றுதான் வைத்தேன். அவர்கள் பொறாமை என்று எடுத்துக்கொண்டால் என் தப்பா? படம் எல்லாருக்கும் பிடித்தது. கேட்டுக் கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 9

பொள்ளாச்சிப் பார்ட்டி ஒன்று வந்தது. அவர்களுக்கும் "அந்த நாத்தனார் ஷாட்" மாதிரி ஒன்று வேண்டுமாம். வாட்ஸப்பில் பார்த்தார்களாம். சைத்ரா தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள்? ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்?

மே 6, செவ்வாய்

ரித்திகா போன் செய்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, தனபால் கண்ணாலத்து வீடியோ பண்ணுனவங்கதானுங்களே?" குரலில் கோபமே இல்லை. தனபாலின் மனைவி வழுக்கி விழுந்து கை ஒடிந்துவிட்டதாம். ரித்திகாவின் கண் பட்டுவிட்டது என்று அவளுடைய சொந்த அம்மாவே சொன்னாளாம். குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு அவளைக் கூப்பிடவில்லை. தம்பியும் போனை எடுப்பதில்லை.

"அன்னிக்கு நான் எதையப் பாத்துட்டு நின்னேன்னு உங்ககிட்ட இருக்குங்களா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், எனக்கே ஞாபகம் வரமாட்டீங்குதுங்க."

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 8

தேடவில்லை. தேட என்ன இருக்கிறது? ஹார்டு டிஸ்க் என் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது.

மே 19, திங்கள்

கொடுத்தால் என்ன ஆகும்? கொங்கு நாடே பேசுகிற ஷாட் பொய் என்று சாருக்குத் தெரிந்துவிடும். போர்டைக் கழற்றுவார். அந்த நாற்காலியில் சைத்ரா உட்காருவாள். பெருமைகூடப் பட மாட்டாள், "பரவால்லீங்கக்கா" என்பாள். அதைத் தாங்க முடியுமா என்னால்? முடியாது. ஒருத்தியைக் கோயில் பொங்கலுக்குக் கூப்பிடவில்லை என்பதற்காக நான் என் இடத்தை விடணுமா?

எழுதிவிட்டுப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். ரித்திகாவின் வீடு காங்கேயத்தில். காபி கொடுத்தாள். லேப்டாப்பில் நறுக்காத ஷாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்குகிறாள், கத்துகிறாள், ஓடுகிறாள், மகளை இழுத்து முதுகில் ஒன்று வைக்கிறாள். எல்லாம் தெளிவாக இருக்கிறது. அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

படத்தில் வருவதையும் போடச் சொன்னாள். பார்த்தாள். மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கென்னமோ இதுதானுங்க நெசம்னு தோணுது" என்றாள்.

"இல்ல ரித்திகா, நான் வெட்டுனது அது. பாப்பாவத்தான பாக்கறீங்க?"

"பாப்பாவத்தானுங்க பாக்கறேன். ஆனா எங்கண்ணாலத்துல எனக்கு இத்தன நக போடலீங்களே. அது மனசுல இருந்திருக்கும். இல்லாட்டி எங்கம்மா அப்படிச் சொல்லுமா?"

திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

சைத்ராவிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாப்பாவ முன்னாடி வெச்சரலாங்கக்கா. அடுப்பு, பாப்பா, அப்பறம் அவங்க கண்ணு, ஓட்டம்." அதே கண். இப்போது அது ஒரு அம்மாவின் கண். எத்தனை சுலபமாகச் செய்துவிட்டாள். அப்போதும் எரிந்தது, பொய் சொல்வானேன்.

எரிந்துகொண்டே அவளைப் பார்த்தேன். இத்தனை மாசமாக இவள் முகத்தில் நான் கண்ட கர்வம், நடிப்பு, விட்டுக்கொடுக்கிற பெருமை எல்லாம்? அந்த முகத்துக்குப் பக்கத்தில் நான் எதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்? என் பயத்தைத்தானே.

மாற்றி வெட்டிய படத்தைத் தனபாலுக்கு அனுப்பி, போனிலும் எல்லாவற்றையும் சொன்னேன். சாரிடமும் சொன்னேன். போர்டு நாளைக்கு இறங்கும்.

ஜூன் 14

தனபால் தன் அக்காவுக்குப் போன் செய்துவிட்டானாம். அவன் அம்மா மட்டும் என்னிடம், "இதுவும் நீங்க மாத்துனதுதானுங்களே" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

தனபால் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. எங்களையே கூப்பிட்டிருந்தார்கள். எடிட்டிங் சைத்ரா, நான் பக்கத்தில். ரித்திகாவையும் அழைத்திருந்தார்கள். நல்ல பட்டுச்சேலை. அவளும் அவள் அம்மாவும் பேசிக்கொள்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆஸிம் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

தனபாலின் மனைவி சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறாள். ரித்திகா குனிந்தபடி வளையல் போடுகிறாள். சந்தனம் பூசும்போது தட்டைப் பார்க்கிறாள். பந்தியில் இலையைப் பார்க்கிறாள். எல்லாரும் மேடையில் நிற்கும்போது மகளின் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லா கார்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். ஒரு இடத்தில்கூட அவள் கண் யார் முகத்தின் மேலும் இல்லை.

"அக்கா, இவங்க முகம் ஒண்ணு வேணுமுங்களே. எங்க எடுக்கறது?" என்றாள் சைத்ரா.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கடைசி ஷாட்டில் ஆஸிம் கூப்பிட்டிருக்கிறான், அவன் குரல் பதிவாகியிருக்கிறது. "அக்கா, கொஞ்சம் இங்க பாருங்க." அவள் நிமிரவில்லை.