கால்சட்டைப் பையில் ஆப்பிள்

அன்புள்ள அம்மாவுக்கு மிர்லான் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே சாறு ஆலையில் புது இயந்திரம் வந்திருக்கிறது. ஆப்பிளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அதிர்வலையால் அடிப்பார்கள். தோலில் கீறல்கூட விழாது. உள்ளே எல்லாம் உடைந்திருக்கும். அப்புறம் பிழிந்தால் சாறும் சத்தும் கூடுதலாக இறங்கும். அப்படி அடிபட்ட பழம் என்று தெரியாமல் நேற்று ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கால்சட்டையெல்லாம் சாறு.

“என்னடா, இந்த வயசுல நனைச்சுக்கிட்டியா?” என்று மேஸ்திரி கென்னாதி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்பா இறந்துபோன செய்தி வந்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. லீவு அடுத்த மாதம்தான். அவருடைய கம்பளித் தொப்பியைத் துவைக்காமல் வையுங்கள்.

அப்பா இறந்த வீட்டு வாசலுக்கு அலறி அழுதுகொண்டுதான் மகன் வர வேண்டும் என்பது நம் வழக்கம். எனக்குக் குரல் எழும்பாவிட்டால் கோபிக்காதீர்கள். இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், போதும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

மிர்லான்