அப்பா இப்போது கேட்கும் பாட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலே எனக்குப் போதும். இங்கே எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அப்பாவைப் பற்றித்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

போன் செய்தால் அப்பா ஏன் பேசுவதே இல்லை, என் மேல் கோபமா என்று கேட்டாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு, அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் லேத் பட்டறை இரைச்சலில் நின்றதன் பலன் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காதில் மெஷின் வைத்து அனுப்பினார்கள். வந்ததும் மனுஷன் முதல் வேலையாகத் தன் பழைய கேசட்டைத்தான் போட்டார். உனக்குத்தான் தெரியுமே, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார், கேசட்டின் வரிசை அவ்வளவு அத்துப்படி. அன்றைக்கும் முணுமுணுத்தார். முணுமுணுத்த அந்தப் பாட்டே கேசட்டில் வந்ததும் முகம் செத்துப்போய்விட்டது. வயலின் எல்லாம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கிறதாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டி அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய?

சிரிக்காதே, இப்போது உன் அறையில் உட்கார்ந்து உன்னுடைய ராக் சிடிக்களைக் கேட்கிறார். "இதுக்கு எங்க பட்டறையே தேவலாம்" என்று உன்னோடு மல்லுக்கு நின்றவர்தான். ஸ்பீக்கரை மேசையில் வைத்து, உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டு, டிரம்ஸ் அதிர அதிரத் தலையாட்டுகிறார். கீழ் வீட்டு டீச்சர் படியேறி வந்து கத்திவிட்டுப் போனாள், இவர் அவளுக்கும் சேர்த்துத் தலையாட்டி வைத்தார். இந்த வயதில் ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். "இது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அதனால இதுல எதுவும் கெட்டுப்போன மாதிரி தோணல" என்றார். சரி, மகளிடமாவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று போனை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நீயே ஒரு வழி சொல்லு, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் மேல் வருத்தம் வைக்காதே. போன் செய்வதை நிறுத்திவிடாதே. நீ பேசி முடிக்கிற வரைக்கும் அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் நான் சிரிக்கிற மாதிரி எதையாவது சொல்லு.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

உன் அம்மா