விழுந்தேன் என்று சொல்லாதவன்

செப்டம்பர் 19, 1893

காலையில் மூடுபனி. மைதானமே தெரியவில்லை, ஆப்பிள் தோட்டத்து வாசனை மட்டும் வந்தது. பயிற்சி ஆட்டத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடினேன். எட்டுப் பேர் என் மேல் சரிந்தார்கள். அடியில் என்ன அமைதி! கன்னத்தில் புல்லின் ஈரம். யாருடைய இதயமோ என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. அப்படியே கிடந்தேன்.

மேலேயிருந்து எங்கள் அணித்தலைவன் ஓரின் கத்தினான். "டேய் லைமன்! விழுந்தேன்னு சொல்லித் தொலைடா! நீ வாயைத் திறக்கிறவரைக்கும் ஆட்டம் நிக்காது, உன்னை மிதிச்சுக்கிட்டேதான் இருப்பானுங்க. என்ன, தூங்கிட்டியா?"

விதி அதுதான். பந்து வைத்திருப்பவன் சொன்னால்தான் குவியல் கலையும். எனக்கோ அந்த நேரத்தில் சொல்லே மறந்துவிடுகிறது.

அக்டோபர் 3

முடி காதை மூடிவிட்டது. மோதலில் தலையைக் காக்க எங்களுக்கு வேறு கவசம் ஏது? போன வருஷம் ஹார்லோ கல்லூரியிடம் தோற்றதிலிருந்து ஓரினுக்கு வேறு நினைப்பே இல்லை. அவனுக்கு இது கடைசி வருஷம். இன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான்: ஹார்லோவை ஜெயிக்கும்வரை யார் தலையிலும் கத்தரி படக்கூடாது.

"தோத்துட்டா?" என்றான் தடியன் பெர்ல்.

"கல்யாணத்துக்கும் இதே கோலத்துல போ."

அக்டோபர் 21

இன்று வேறொரு கல்லூரியை ஜெயித்தோம்! விழுந்தபின் நான் வழக்கம்போல் சும்மா கிடந்தேன். ஆட்டம் நின்றுவிட்டதென்று எதிராளிகள் எழுந்துவிட்டார்கள். நான் மெல்ல ஊர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டேன். ஓரின் என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினான்.

"உன் தூங்குமூஞ்சித்தனத்துலயும் ஒரு லாபம் இருக்குடா. ஹார்லோகிட்டயும் இதேதான். கோட்டுப் பக்கம் விழுந்தா செத்தாலும் வாயைத் திறக்காத. நான் பக்கத்துலயே இருந்து தள்றேன்."

நவம்பர் 12

கனவிலும் ஊர்ந்துகொண்டிருந்தேன். கோடு முன்னால் நகர்ந்துகொண்டே போனது. பயமாக இல்லை.

நவம்பர் 30, நன்றி கூறும் திருநாள்

தோற்றோம்.

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஹார்லோவுடனான ஆட்டத்தின் கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது விழுந்தேன். வாயை மூடிக்கொண்டு ஊர்ந்தேன். மேலே மலை மாதிரிக் கனம். பக்கத்தில் ஓரினின் முகம் — என் மூக்குக்கு நேரே. அவன் சட்டைக் கழுத்து யார் காலடியிலோ சிக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. கண் திறந்தே இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. தொண்டையில் சீட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

இன்னும் ஒரு உந்து உந்தியிருந்தால் ஜெயித்திருப்போம்.

"விழுந்தேன்! விழுந்தேன்! எழுந்திருங்கடா பாவிங்களா!" என்று கத்திவிட்டேன்.

குவியல் கலைந்தது. நேரம் முடிந்தது என்றார் நடுவர். தலையில் அடிபட்டு மயங்கியிருக்கிறான் என்று ஓரினைத் தூக்கிப்போனார்கள்.

டிசம்பர் 2

ஓரினைப் பார்க்கப் போனேன். சுளுக்கு என்று கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருக்கிறது. அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை.

"உன்னை யாருடா கத்தச் சொன்னா?" குரல் கரகரவென்று வந்தது.

"உனக்கு மூச்சு நின்னுபோச்சு ஓரின். சட்டை கழுத்தை இறுக்கி..."

"கனவு கண்டிருப்ப. உனக்கு அதுதானே வேலை." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். படியில் எதிரே வந்த பெர்லும் என்னைப் பார்க்காததுபோல் போனான்.

டிசம்பர் 6

பனி கொட்டுகிறது. மைதானத்தில் கோடுகளே இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. அங்கேயே நின்றேன். ஒருவேளை கனவுதானோ? அப்படியானால் அந்தச் சீட்டிச் சத்தம்? அது நின்றது?

இல்லை. நான் கேட்டேன். கேட்டேன்.

டிசம்பர் 11

மத்தியானம் ஓரின் என் அறை வாசலில் வந்து நின்றான். "கிளம்பு. முடி வெட்டப் போறோம்."

"நாமதான் ஜெயிக்கலையே?"

"தெரியும், வாடா."

கடையில் முதல் ஆளாக உட்கார்ந்தான். கழுத்துத் துணியை அவனே அவிழ்த்தான். சட்டைக் கழுத்தின் அகலத்துக்குக் கறுப்பாகக் கன்றிய ஒரு தடம், காதிலிருந்து காதுவரை. சட்டையின் தையல்கூடப் பதிந்திருந்தது.

"அய்யோ தம்பி, என்னப்பா இது?" என்றார் முடிவெட்டுகிற கிளீட்டஸ்.

அவர் வெள்ளைத் துணியைப் போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டார். "இறுக்குதா?"

ஓரின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான். அந்தக் கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னான்: "விழுந்தேன்."

கிளீட்டஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எழுந்துபோய் முடிச்சைத் தளர்த்தினேன்.