முதலாளியம்மா

திங்கள், அக். 6
காலையிலிருந்து தூறல். மேனாம்பேடு தெரு முழுக்கச் சேறு. துணி காயவில்லை.

வக்கீலம்மா போன். ஜீவனாம்சம் கேட்டு நான் போட்ட மனுவுக்கு அவர் பதில் மனு கொடுத்துவிட்டாராம். (அவன் என்று எழுதத்தான் ஆசை. கை வரமாட்டேன் என்கிறது.) திருமழிசை லேத் யூனிட்டுக்கு முதலாளி நானாம். அவர் வெறும் சம்பளக்காரராம்.

பெண்கள் பேரில் எடுத்தால் லோனுக்கு மானியம் என்று என் பேரில் எடுத்தது அவர்தான். கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப்போட்டேன். அவ்வளவுதான் என் முதலாளித்தனம்.

வாங்க: உளுந்து, தீப்பெட்டி. மனு ஜெராக்ஸ்.

செவ்வாய்
வக்கீலம்மா ஆபீஸ். பதில் மனுவோடு சாட்சிக்குப் போட்டோ வைத்திருக்கிறார்கள். போன வருட ஆயுத பூஜை. பட்டுப்புடவையில் நான், மெஷினுக்குக் கற்பூரம் காட்டுகிறேன். இன்னொன்றில் லேத் ஓட்டும் தாஸ் அண்ணனுக்கு போனஸ் கவர் கொடுக்கிறேன். கவருக்குள் எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு நாள் முதலாளியம்மா. இந்த வருடம் அதற்கும் கூப்பிடவில்லை.

புடவை நன்றாகத்தான் இருக்கிறது.

வக்கீலம்மா: "ஓனர்னு ஒத்துக்கிட்டா மாசப் பணம் கேக்கறது கஷ்டம். இல்லன்னு சொன்னா யூனிட் கைய விட்டுப் போயிடும். வெள்ளிக்கிழமை ஜட்ஜ் கேப்பாரு. யோசிச்சு வைங்கம்மா."

யோசித்தேன். கூட்டு அடிபிடித்தது.

புதன்
மழை இல்லை. தாஸ் அண்ணன் போன்.

"அண்ணி, ஊட்ல கீறீங்களா? போன மாச சம்பளம் இன்னும் வரல. அண்ணாத்தேய கேட்டா ஓனரம்மாவ கேளுன்றாரு. இன்னா அண்ணி இது?"

"எனக்கும் தெரியலண்ணே."

பிறகு, "சர்தான், சாப்டீங்களா?" என்றார். அதற்குப் போய் அழுகை வந்தது. வெட்கக்கேடு.

வியாழன்
லோன் தவணை கட்டவில்லை என்று பேங்கிலிருந்து மெசேஜ். என் போனுக்கு. ஓனர் இல்லை என்றே சொல்லிவிடலாம் என்று முடிவு. மத்தியானம் மாற்றினேன். சாயங்காலம் திரும்ப மாற்றினேன்.

வெள்ளி
பூந்தமல்லி கோர்ட். நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையில் அவர். இளைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன்?

ஜட்ஜ்: "கம்பெனி உங்களோடதாம்மா?"

தயார் செய்த இரண்டு பதிலும் வரவில்லை. "தெரியலைங்கய்யா. ஷட்டர் சாவிகூட என்கிட்ட இருந்ததில்ல."

ஜட்ஜ் அவர் பக்கம் திரும்பினார். "அவங்கதான் ஓனர்னு நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க? அப்ப சாவிய அவங்ககிட்ட குடுங்க."

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபைலைப் பார்த்தார். சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. ஜீவனாம்சம் அடுத்த வாய்தாவுக்கு.

பஸ்ஸில்தான் கவனித்தேன். கொத்தில் எங்கள் வீட்டுச் சாவி. அவர் வீட்டை விட்டுப் போனபோது தொலைந்துவிட்டது என்று சொன்ன சாவி. நானும் பூட்டை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சனி
நல்ல வெயில். திருமழிசை. ஷட்டரைத் தூக்கினேன், பாதிக்கு மேல் வரவில்லை, தாஸ் அண்ணன் சேர்ந்து தூக்கினார்.

"இன்னிக்கு எந்த ஆர்டரு ஓட்டணும் அண்ணி?"

எனக்கென்ன தெரியும்? அதைக் கேட்கத்தான் அவருக்கு போன் போட்டேன். உடனே எடுத்தார். வாயில் வந்தது வேறு.

"வீட்டுச் சாவி தொலஞ்சு போச்சுன்னீங்களே?"

அதற்குள் தாஸ் அண்ணன் மெஷினைப் போட்டுவிட்டார். போனில் அவர் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.