சிவப்புக் குடை

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் அப்பா இறந்த செய்தி எனக்குப் புதன்கிழமை மதியம் இரண்டு நாற்பத்தொன்றுக்கு வந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். நீங்கள் பேசி வைத்ததும் சட்டைப் பையிலிருந்த உங்கள் தங்கையின் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அன்று காலை ஏழு பத்துக்கு அவள் பெயரில் நான் மாமாவுக்கு அனுப்பிய செய்தி படிக்கப்படாமலே கிடந்தது. பிறகு மோட்டாரைத் திரும்பப் பூட்டினேன். போல்ட் எல்லாம் சரியாக முறுக்கினேன். அழுகை வரவில்லை. அவள் இறந்த பிறகு இந்தப் பதினொரு மாதத்தில் எதற்குமே வரவில்லை.

நேற்று நீங்கள் எழுதியதும் கிடைத்தது. மாமாவின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும், 'மகள் இறந்தது கடைசிவரை தெரியாமல் நிம்மதியாகக் கண் மூடினார்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்றீர்கள். "நாம பட்ட பாடு நாலு பேருக்குத் தெரியட்டும் மாப்ள" என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் என்ன பாடு பட்டீர்கள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவள் காரியத்துக்கு வந்து மறுநாள் விமானத்தைப் பிடித்தீர்கள். அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

மாமாவைப் பற்றி எழுத ஆயிரம் இருக்கிறது. கணக்காளர் என்றால் நாற்காலியை விட்டு எழாதவர் என்று நினைப்பார்கள். அவர் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்க் குடோன் குடோனாக ஏறி இறங்கிச் சரக்கைச் சரிபார்த்தவர். போகும்போது நிறைந்திருக்கும் பெட்டி, வரும்போது காலியாக வரும். ஒரு குளிர் நாட்டில் தன் கம்பளிக் கோட்டை ராத்திரிக் காவலாளிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இருமிக்கொண்டே வந்து இறங்கினாராம். அத்தை திட்டியதற்கு, "அவன் வெளிய நிக்கிறான், நான் உள்ளதானே உக்காந்திருந்தேன்" என்றாராம். ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எல்லோருடைய உடுப்பையும் அவரே தேய்ப்பார். உங்கள் பள்ளிக்கூடச் சட்டைக் காலரையும் சேர்த்துத்தான்.

என்னிடம் ஒரு நாளும் மாமனார் முறுக்குக் காட்டியதில்லை. "நீங்க ஆளுங்கள மேல ஏத்தி விடறீங்க மாப்பிள்ளை, நான் போற கம்பெனி முதலாளியெல்லாம் என்னைப் பார்த்தாலே கீழ இறங்கிடறான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் இவள் போனாள். நாலே நாள் காய்ச்சல். "அப்பா தாங்க மாட்டார், தெரிஞ்சா அவரும் போயிடுவார்" என்றீர்கள். கம்பெனி அவளை அதே குளிர் நாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாக அவரிடம் சொன்னீர்கள். பேச நேரம் ஒத்து வராது, செய்தி மட்டும்தான் அனுப்புவாள் என்றும் சொன்னீர்கள். அந்தச் செய்திகளை எழுதும் வேலையை என்னிடம் தள்ளினீர்கள். நான் அவரைப் பார்க்க வருகிறேன் என்றபோது, "வேணாம் மாப்ள, உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

தினமும் காலையில் அந்த நாட்டு வானிலையைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அவர் கேட்டார்: "அங்க மழை ஜாஸ்தியாச்சே. நான் வாங்கிக் குடுத்த சிவப்புக் குடை இருக்காம்மா?" நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு சொல் கூடுதலாகவே போட்டேன்: "இருக்குப்பா, தினமும் அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு அவர் அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. படம் கேட்கவில்லை, குரல் கேட்கவில்லை. எல்லாம் என்னைப் பற்றித்தான். 'மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு.' 'லிஃப்ட் குழிக்குள்ள தனியா இறங்க வேணாம்னு சொல்லு.' 'முடி வெட்டிக்கிட்டாரா?' எனக்கு எரிச்சலாக வரும். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், இவர் என்ன என் முடியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைப்பேன்.

மாமாவின் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, உங்கள் வீட்டுக்கார அக்கா உங்களுக்குத் தெரியாமல் ஒரு சின்ன நோட்டை என் பையில் வைத்தார். மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நோட்டு. அக்காவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் அந்த ஒன்பதாம் நாள் தேதியில், நடுங்கிய எழுத்தில், பச்சை மையில் இப்படி இருக்கிறது:

'குடை இருக்கிறதாம். பாப்பா இல்லை. இனி எதையும் சோதிக்கக் கூடாது. மாப்பிள்ளை தனியாக இருக்கிறார். பதில் எழுதவாவது காலையில் எழுந்திருப்பார்.'

கல்யாணமான புதிதில் ஒரு ரயில் பயணத்தில் அவர் எனக்குச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சரக்குப் பட்டியல்ல இல்லாத சாமான் ஒண்ணை நானே எழுதி வெச்சிடுவேன் மாப்பிள்ளை. அதுக்கும் இருக்குன்னு டிக் போட்டு வந்தா, அந்த ஆளு குடோன் பக்கமே போகலைன்னு அர்த்தம்." அவர் அவளுக்குச் சிவப்புக் குடை எதுவும் வாங்கிக் கொடுத்ததே இல்லை.

அடுத்த பக்கங்களில் வேறு ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் '7.10' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை டிக். செவ்வாய்க்கிழமை வரை.

அந்த வீட்டில் உங்களுக்கு அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, அவர் மகளுக்காக யாருக்கும் கேட்காமல் அழுதிருக்கிறார் மச்சான். நான் இங்கே அதுகூட வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் நேரில் உட்கார்ந்திருந்தால் போதும், இரண்டு பேருமாக அழுதிருப்போம். அதை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். என் மேலும் எனக்குக் கோபம் குறையவில்லை.

மலரில் அந்த வரி வேண்டாம். அவருக்குத் தெரியும் என்று போடுங்கள். போட மனம் வராவிட்டால் ஒன்றும் போடாமல் படத்தை மட்டும் அச்சடியுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளின் சட்டைகளை நீங்களே தேய்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் நூறு வயசு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: நோட்டைத் திருப்பித் தர மாட்டேன். அதற்காகக் கூப்பிட வேண்டாம். அவள் ஃபோன் சார்ஜில் இருக்கிறது. என் ஃபோனை அணைத்துவிட்டேன்.