சூரியன் மேல் போட்ட பழி

உங்கள் மகள் நேற்று உங்கள் ரேடியோ செட்டைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தாள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வார்னிஷ் நெடியைத் தவிர வேறு எதுவும் மூக்கில் ஏறாது. ஆனால் அதன் மைக்கைக் கையில் எடுத்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசனை அடித்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்து அந்தப் பெண் தண்ணீர் எடுத்து வைத்தாள். வந்தது அழுகை இல்லை. மைக்கைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

கோபத்தில் உங்களை நீ, வா, போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முப்பது வருஷமாக ஒவ்வொரு சண்டையையும் 'ங்க' போட்டே போட்டுப் பழகிவிட்டோம்.

தாராபுரத்தில் உங்கள் தோப்பு, கோட்டைமேட்டில் என் மொட்டை மாடி. இரண்டு தென்னைக்கு நடுவே நீங்கள் ஏரியல் கம்பி கட்டினீர்கள், தண்ணீர் டேங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நான் கட்டினேன். வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்கள் என்று நம் இரண்டு பேருக்கும் என்ன ஒரு மிடுக்கு. காலை ஏழு மணிக்கு முதல் அழைப்பு. மழை வந்ததா, தேங்காய் விழுந்ததா, என் மாமியார் ஊருக்குக் கிளம்பினாரா, எல்லாம் காற்றிலேயே பேசி முடித்துவிடுவோம்.

செல்போன் வந்த பிறகு சட்டம் போட்டவர் நீங்கள். நம் இரண்டு பேருக்குள் போன் கிடையாது. ஒருமுறை அலைவரிசை செத்துக் கிடந்தபோது பொறுக்கமாட்டாமல் உங்களுக்கு போன் போட்டேன். எடுத்து, என் குரலைக் கேட்டதும் கட் செய்துவிட்டீர்கள். மறுநாள் காலை செட்டில் வந்து, "ஏனுங்க பாய், சூரியன் ஒரு நாள் லீவு போட்டா உங்களுக்குப் பொறுக்காதுங்களா?" என்று கேட்டீர்கள். நம் அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த பொள்ளாச்சிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

சூரியன் என்றால் உங்களுக்குக் கிறுக்கு. பைனாகுலரை மேலே நீட்டிப் பிடித்து, வெள்ளைத் தாளில் சூரியனை விழவைத்து, அதிலுள்ள புள்ளிகளைப் பென்சிலால் வரைந்துவைப்பீர்கள். புள்ளி பெருத்தால் வெடிப்பு வரும், வெடித்தால் மேலே நம் அலைகளைத் திருப்பியனுப்புகிற அடுக்கு கலைந்துபோகும், பேசுகிற பேச்சு கீழே வந்து சேராது. இதை நூறு முறை சொல்லியிருப்பீர்கள். அந்தக் காலத்துத் தந்தி ஆபீஸ் கதையை இருநூறு முறை. சூரியனிலிருந்து பெரும் புயல் அடித்ததாம், கம்பியில் பொறி பறந்ததாம், பேட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி போனதாம். "அந்த மாதிரி ஒண்ணு வரோணுங்க பாய். அதைப் பாத்துப்போட்டுத்தான் நான் போவேன்" என்பீர்கள். வாயில் நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?

வந்தது. உங்கள் தந்திக் கதை அளவுக்கு இல்லை, ஆனாலும் பெரியதுதான். லடாக்கில் வானம் சிவந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அழகு, அழகு என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் தெருவில் வாட்ஸப் படித்துவிட்டு, செல்போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

முதல் நாள் ஏழு மணிக்கு அழைத்தேன். இரைச்சல்தான். இரண்டாம் நாளும் இரைச்சல்தான். டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி, "ரெண்டு நாளா அண்ணன் தும்முற சத்தமே கேக்கலியே, ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள். டம்ளரைச் சூரியனாகவும் பிஸ்கட்டைப் பூமியாகவும் வைத்து அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க. போன் வேலை செய்யுதுல்ல?" என்றாள்.

செய்தது. மூன்று நாளும் நன்றாகவே வேலை செய்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அலைவரிசை திறந்துகொண்டது. பொள்ளாச்சிக்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது போலப் பேசினார். நான் உங்களைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, சூரியன் விட்டுப்போட்டானுங்களா, இல்ல இன்னும் பிடிச்சு வெச்சிருக்கானுங்களா?" என்று உங்கள் பேச்சிலேயே கிண்டல் செய்தேன். பதில் இல்லை. தாராபுரம் பக்கம் இன்னும் சரியாகவில்லை போல என்று பொள்ளாச்சிக்காரரிடம் சொன்னேன். அப்போதும் சூரியன் மேல்தான் பழி. ஒன்பது மணிக்குத்தான் மனசு கேட்காமல் போனை எடுத்தேன். உங்கள் போனைப் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்தார். "பெரியவரு போயிட்டாருங்க. செட்டுக்கு முன்னாடியே சாஞ்சு கெடந்தாருங்க" என்றார்.

அன்று இதை விதி என்று சொன்னவர்களிடம் தலையாட்டினேன். நேற்று செட்டோடு வந்த உங்கள் லாக் புக்கை, தினமும் அழைப்பைக் குறித்துவைக்கிற நோட்டை, திறந்த பிறகு யாராவது விதி என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

முதல் நாள்: "7.00. மூன்று தரம் கூப்பிட்டேன். பாய் இல்லை. சூரியன் பண்ணுற வேலை."

இரண்டாம் நாள்: "7.00. இரண்டு தரம். இடது தோளில் வலி, நெஞ்சில் பிடிப்பு. பாய் இல்லை. நாளை கிடைத்தால் நல்ல டாக்டராகக் கேட்கவேண்டும்."

மூன்றாம் நாள்: "7.00." அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

போன் உங்கள் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. என் நம்பர் உங்களுக்கு மனப்பாடம். பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் குடியிருக்கிற என்னிடம் டாக்டர் கேட்க, சூரியன் அடங்கட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தீர்களா? யாருக்காக அந்தச் சட்டம்? யார் பரிசு கொடுக்கப் போகிறார்கள் நமக்கு? உங்களுக்கு அறிவில்லை. எனக்கும் இல்லை. அங்கே நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சூரியனைச் சொன்னீர்கள். இங்கே நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு சூரியனைச் சொன்னேன். அந்த மூன்றாம் நாள் என் கிண்டல் உங்கள் காதில் விழுந்ததா? தோட்டக்காரரிடம் கேட்டேன், செட் ஆனில்தான் இருந்ததாம். அதை மட்டும் நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

உங்கள் மகள் கேட்டாள்: "மாமா, அப்பா ஏனுங்க உங்களுக்கு போன் பண்ணலை?" அவளுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். எடுத்து வைத்த தண்ணீரை அவளே குடித்தாள்.

இன்று காலை ஏழு மணிக்குப் பொள்ளாச்சிக்காரர் வரவில்லை. அலைவரிசை எப்படி இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை நான். போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னங்க பாய், போன்ல வர்றீங்க? பேட்டரி எறங்கிப்போச்சுங்க, அவ்வளவுதான்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அவருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாருங்களே" என்றார்.

"நல்லாக் கோவிச்சுக்கட்டுங்க" என்றேன். "கோவிச்சுக்கிட்டு ஏழு மணிக்கு வந்து திட்டட்டுங்க."