ஒரே தாளில் ஐந்து அம்மா

கண்டி
4.3.1974

அன்பு மகள் பாலாம்பிகைக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் பிடித்த இருமல் உன்னை விட்டிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். கம்பளைச் சித்தப்பாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு அவருடையதேதான், பாவம். உன் கடிதம் கிடைத்தது. படிப்பது கலை வரலாறு, கோடு போடவே வராத எனக்கு ஓவிய வகுப்பு எதற்கு, மாத முடிவுக்குள் அதை விட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா வாசித்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். ஆகையால் அவளுடைய சித்திர வகுப்பில் நடந்ததை நான் எழுதுகிறேன்.

போன மாதம் பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டில் ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தாளாம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் சுந்தரி ஒரே தாளில் தன் அம்மாவை ஐந்து இடத்தில் வரைந்திருந்தாள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள், கொழுந்து நிறுக்கத் தராசடியில் நிற்கிறாள், விறகு சுமக்கிறாள், ரொட்டி சுடுகிறாள். ஒரு படத்தில் ஒரு ஆள் ஒரு முறைதான் வரலாம் என்று அம்மா மார்க்கைக் குறைத்துவிட்டாள். எங்கம்மா ஒரு எடத்துல நின்னாத்தானே டீச்சர் என்றதாம் அந்தப் பிள்ளை.

பிறகு வகுப்பைத் தெகல்தொருவ விகாரைக்குக் கூட்டிப்போனாள், சோற்றுப் பார்சல் தூக்க நானும் போனேன். சுவரில் புத்தரின் முற்பிறவியான வெஸ்ஸந்தர இளவரசன் கதை ஓவியமாக நீளமாய் ஓடுகிறது. ஒரே பட்டையில் அவனே திரும்பத் திரும்ப வந்து யானையைக் கொடுக்கிறான், தேரைக் கொடுக்கிறான், பெற்ற பிள்ளைகளையும் கொடுக்கிறான். அம்மா விளக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து சுந்தரி, இந்த ராசாவுக்கு எத்தன மார்க் டீச்சர் என்றாள். முதலில் சிரித்தது அம்மாதான். சுவர் வரலாற்றுப் பாடம், தாள் சித்திரப் பாடம் என்று இத்தனை வருடம் தனித்தனியாக வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே முறையில் அம்மா என்னுடைய ஒரு நாளை வரைவதாகச் சொல்லிச் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாளை விரித்துவிட்டாள், நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். பத்திரிகைக்குச் செய்தி தேடி நான் கோர்ட்டில், சந்தையில், பஸ் நிலையத்தில், தபால் கந்தோரில். நாலு அண்ணன் தம்பி வரிசையாகக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றேன். ஒங்க மூஞ்சி அப்பிடி என்றாள். பிறகு சுந்தரியின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு அம்மாவுக்கும் இடையே ஒரு தண்ணீர்க் கான், அல்லது ஒரு தேயிலை நிரை. விகாரைச் சுவரில் அந்த இடங்களில் மரம் நிற்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனையோ தடவை காட்டிப் பாடம் நடத்திய சுவர், தன் கை தடுமாறிய பிறகுதான் ஒரு காட்சியை அடுத்ததிலிருந்து பிரிக்கத்தான் மரம் என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அதுவே பாடம், சுந்தரியின் மார்க்கும் திருத்தியாயிற்று.

நீ பெரிய ஓவியராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை மகளே. நாளைக்கு ஒரு சுவரைப் பற்றி எழுதும்போதும், யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போதும் அந்த மரம் உன் கண்ணில் படவேண்டும். வராத கைக்குத்தான் அது சீக்கிரம் தெரியும் போலிருக்கிறது. வகுப்பை விடாதே.

கட்டுக்கலைப் பிள்ளையார் உனக்குத் துணையிருக்கட்டும். கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. பதில் போடும்போது உன் அறை எப்படி என்று எழுதாமல் வரைந்து அனுப்பு, எத்தனை கோணலானாலும் சரி. மார்க் போடுவது அம்மா, இப்போது அவள் கை தாராளம்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சேதுராமன்